ஆச்சியின் ஜாடியும் எட்டு பாட்டிலும்

வீட்டில் வைன் போட்டேன்னு காலேஜ்ல வாய் தவறிச் சொல்லிட்டேன். பாதிப் பேர் சிரிச்சாங்க, மீதிப் பேர் "எப்ப மச்சி வரட்டும்?"னு கேட்டாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் சேர்த்து இங்கயே ஒரே பதிலா எழுதிடறேன். யாரும் வர வேண்டாம். தீர்ந்து போச்சு.

எங்க ஊர் பாளையங்கோட்டை. இங்க கிறிஸ்தவ வீடுகள் பலதிலும் நவம்பர் பிறந்தா ஒரு மூலையில் பீங்கான் ஜாடி உட்கார்ந்திடும். வாயில வெள்ளைத் துணி கட்டி, பக்கத்துல போனா புளிச்ச வாசனையோட. எங்க வீட்டு ஜாடி ஆச்சியோடது (அம்மாவைப் பெத்தவங்க). வேற யாரும் அதைத் தொட்டது கிடையாது. போன ஆகஸ்ட்ல ஆச்சி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இடுப்புல பிளேட் வெச்சு, இப்ப வாக்கரைப் பிடிச்சு அடுக்களை வாசல் வரைக்கும்தான் வர முடியும். கையும் நடுங்குது. "இந்த வருசம் ரசம் வேண்டாம்மா"ன்னு அம்மா சொன்னப்ப ஆச்சி ஒண்ணும் பேசலை. ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "ஏல, நீ போடுதியா? நான் சொல்லுதேன்"னாங்க. அவ்வளவுதான். ஆள் மாட்டியாச்சு.

கவனிச்சிருப்பீங்க, ஆச்சி வைன்னு சொல்லலை. எங்க வீட்டில் அந்தப் பேரே கிடையாது. திராட்சரசம். சுருக்கமா ரசம். (மிளகு ரசம் வைக்கிற அன்னைக்குக் கொஞ்சம் குழப்பம் வரும்.) பைபிள்லயும் திராட்சரசம், கோயில்ல திருவிருந்துக்குக் குடுக்கிறதும் திராட்சரசம். வைன்கிறது கடையில விக்கிறது. 2003ல சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுக்கிறதுக்கு முன்னாடி தனியார் கடை போர்டுல எல்லாம் 'ஒயின்ஸ்'னுதான் எழுதியிருப்பாங்களாம். அப்பா சொல்வார், உள்ள போனா பிராந்தியும் ரம்மும்தான் இருக்கும்னு. ஆக, வைன்னு எழுதின இடத்துல வைன் இல்லை, வைன் இருக்கிற எங்க வீட்டில் அந்த வார்த்தை இல்லை. இது சும்மா தமாஷுக்குச் சொல்லலை. அப்புறம் இதுக்கே திரும்பி வரணும்.

அம்மா வேண்டாம்னதுக்குக் காரணம் ஆச்சியோட இடுப்பு மட்டும் இல்லை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில விஷச்சாராயத்துல அறுபது பேருக்கு மேல செத்தாங்களே, அதிலிருந்து 'வீட்டில் காய்ச்சினது', 'வீட்டில் போட்டது' எதைக் கேட்டாலும் அம்மாவுக்கு வயித்தைப் பிசையும். கெமிஸ்ட்ரி படிக்கிற என் நண்பன் ஒருத்தன் வந்து உட்கார்ந்து விளக்கினான். அங்க ஆளைக் கொன்னது மெத்தனால், தொழிற்சாலை உபயோகத்துக்கானது, அதைச் சாராயத்துல கலந்திருக்காங்க. திராட்சை தானாப் புளிக்கும்போது பழத்தோல்ல இருக்கிற பெக்டின்லேருந்து மெத்தனால் துளியூண்டு வரும், அது ஆபத்தான அளவு இல்லை. அம்மா முழுசாக் கேட்டுட்டு, "சரி, உங்க மாமா வருவான். அதையும் யோசிச்சுக்கோ"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க. அப்ப எனக்கு அது புரியலை. மாமாவுக்கும் மெத்தனாலுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தாத்தா கல்லறைக்குப் பூ வெச்சிட்டு வர்ற வழியில மார்க்கெட்ல பன்னீர் திராட்சை நாலு கிலோ. கம்பம் பள்ளத்தாக்கு சரக்கு. 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்த ரகம்னு சொல்றாங்க, 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. மத்த ஊர் திராட்சை மாதிரி ஒரு சீசன்ல வந்து போறது இல்லை, அங்க வருஷம் முழுக்கக் காய்க்கும். அதனாலதான் நவம்பர்லயும் நமக்குக் கிடைக்குது. கடிச்சா தோல் தனியா, சதை தனியா வழுக்கிட்டு வருமே, அதுதான்.

ஆச்சி கணக்கு எளிசு. பழம் நாலு கிலோ, சீனி ரெண்டு கிலோ, காய்ச்சி ஆறின தண்ணி நாலு லிட்டர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஒரு கரண்டி ஈஸ்ட். பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துணியில உலர்த்தி, கையால நசுக்கணும். மிக்ஸியில போட்டா விதை உடைஞ்சு கசக்கும். ஜாடியில முக்கால்தான் நிறைக்கணும், நுரை பொங்கும். தினம் காலையில மரக்கரண்டியால ஒரு கிண்டு. இருபத்தொரு நாள்.

நான் எல்லாம் போட்டு முடிச்சதும் நண்பன் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தான். ஹைட்ரோமீட்டர். பால்காரர்களைப் பரிசோதிக்கிற லாக்டோமீட்டர் பாத்திருப்பீங்கல்ல, அதோட சொந்தக்காரன். சாறுல சீனி எவ்வளவு கரைஞ்சிருக்கோ அவ்வளவு மேல மிதக்கும். கொஞ்சம் வடிகட்டி உயரமான டம்ளர்ல விட்டுப் பாத்தோம். 1.115. "எழுதி வை, கடைசியில இன்னொரு தடவை பாக்கணும்"னான். கம்ப்யூட்டர் டேபிள் சுவத்துல பென்சிலால எழுதினேன். ஆச்சி அடுக்களை வாசல்ல இருந்து, "அது என்னல, ரசத்துக்குக் காய்ச்சல் பாக்கியளா?"ன்னு கேட்டாங்க.

இருபத்தொரு நாளைப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணும் இல்லை. கிண்டினேன். முதல் வாரம் காதை வெச்சா சோடா மாதிரி சத்தம் கேட்கும், அப்புறம் அடங்கிச்சு. கொசு மாதிரி குட்டி ஈ எப்படித்தான் மோப்பம் பிடிச்சு வருதோ. நவம்பர் 23 தாத்தாவோட பழைய மல் வேட்டியில வடிகட்டி, மறுபடி ஜாடியில ஊத்தி மண்டி படிய விட்டேன். டிசம்பர் முதல் சனிக்கிழமை பாட்டில்ல அடைக்கிறதுன்னு முடிவு.

ஆச்சி இதுவரைக்கும் பாட்டில்ல அடைச்சதே இல்லை. ஜாடியிலிருந்து நேரா கூஜா, கூஜாவிலிருந்து கிளாஸ். பாட்டில் என் ஐடியா. நாலு வீட்டுக்குக் குடுக்கும்போது பாத்திரத்துல மூடி எடுத்துட்டுப் போறதை விட, கார்க் வெச்சு, லேபிள் ஒட்டி... (சரி, இன்ஸ்டாகிராம்ல போடலாம்னுதான். ஒத்துக்கறேன்.)

பாட்டிலுக்குப் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு, எல்லாம் பிராந்தி, ரம். முக்கால் லிட்டர், தெளிவான கண்ணாடி, பாட்டில் அஞ்சு ரூபா. ஒரு டஜன் வாங்கிட்டு வந்தேன். அம்மா வாசல்லயே நிறுத்திட்டாங்க. முகம் மாறிப் போச்சு. பன்னிரண்டு பாட்டிலையும் பின்பக்கமா கொண்டு போய், குழாயடியில ஊற வெச்சு, லேபிள் எல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் வீட்டுக்குள்ள விட்டாங்க. அந்த லேபிள்ல ஒண்ணு எங்க எல்லாருக்கும் நல்லாத் தெரிஞ்ச லேபிள். மாமாவோட பிராண்ட்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுறார். குடிக்கிற காலத்துல ரெண்டு ஆட்டோவை வித்துக் குடிச்சவர். அத்தை ரெண்டு தடவை எங்க வீட்டுக்கு வந்து மாசக்கணக்கா இருந்திருக்காங்க. ஒரு ஈஸ்டருக்கு ரோட்டோரம் கிடந்தவரை நானும் அப்பாவும் போய்த் தூக்கிட்டு வந்தோம், அப்ப நான் பிளஸ் ஒன். அப்புறம் ஒரு இடத்துல சேர்த்து, வெளிய வந்து, விட்டுட்டார். மூணரை வருஷம் ஆகுது. இந்த மூணு கிறிஸ்துமஸும் விடிகாலை ஆராதனை முடிஞ்சு குடும்பத்தோட எங்க வீட்டுக்குத்தான் வந்தார். ஆச்சி கேக் துண்டோட சின்ன கிளாஸ்ல ரசம் குடுப்பாங்க. மாமாவுக்கும் குடுப்பாங்க. குடுக்காம விட்டா ஒதுக்கின மாதிரி ஆகிடும்ல. தவிர, ரசம்தானே.

சரி, பாட்டிலுக்கு வரேன். சுடுதண்ணியில கொதிக்க வெச்சுக் கிருமி நீக்கணும். நான் மகா புத்திசாலி, கொதிக்கிற தண்ணியை எடுத்து பச்சைத்தண்ணியில ஊறின பாட்டிலுக்குள்ள ஊத்தினேன். டிக்னு ஒரு சத்தம். அடி தனியா கழண்டு வந்துருச்சு. பாட்டிலைப் பச்சைத்தண்ணியிலேயே போட்டு, அடியில துணி விரிச்சு, மெதுவாச் சூடாக்கணும்னு அப்புறம்தான் தெரிஞ்சது. மிச்சம் பதினொண்ணு.

ஜாடியைச் சாய்ச்சு ஊத்தினா அடியில படிஞ்ச மண்டி எல்லாம் கலங்கி மேல வந்துரும். அதுக்கு ஒரு குழாய் வேணும். ஹார்டுவேர் கடையில கொத்தனார்கள் மட்டம் பாக்கிற லெவல் டியூப் இருக்கும்ல, அதுல புதுசா மூணு மீட்டர் வாங்கி, வெந்நீர்ல அலசி வெச்சேன். ஜாடி மேசை மேல, பாட்டில் தரையில. ஒரு நுனியை ரசத்துல விட்டு, மறு நுனியை வாயில வெச்சு உறிஞ்சி, வந்ததும் டக்னு பாட்டிலுக்குள்ள விடணும். தத்துவம் எட்டாங்கிளாஸ் பாடம். செஞ்சா காலையில பத்து மணிக்கு வாய் நிறைய வைன். மூணு தடவை அப்படி ஆச்சு. மூணையும் துப்பினேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தக் குழாய்க்குள்ள அது ஓடுறதைப் பாத்தப்ப எனக்குப் பேச்சே வரலை. ஜாடிக்குள்ள கறுப்பா, அழுக்குத்தண்ணி மாதிரி கிடந்தது, வெயில் பட்டதும் மாதுளை முத்து மாதிரி சிவப்பு. ஒரு கலங்கல் இல்லை. பாட்டில் கழுத்து வரைக்கும் ஏறினதும் குழாயை விரலால மடக்கிப் பிடிச்சு அடுத்த பாட்டிலுக்கு மாத்தணும். ஆச்சி வாக்கரைப் பிடிச்சு நின்னுக்கிட்டே, "நெறைச்சிராத, கழுத்துல ரெண்டு விரக்கடை எடம் விடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. எட்டு பாட்டில். அதுக்கு மேல ஒரு டம்ளர். அடியில மண்டி முக்கால் லிட்டர் போல.

அந்த டம்ளர்லதான் ஹைட்ரோமீட்டரை விட்டோம். 1.030. சீனி குறைஞ்ச அளவுக்கு ஆல்கஹால் ஏறியிருக்கும், வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினா சதவீதம் வந்துரும்னு நண்பன் சொன்னான். 0.085 பெருக்கல் 131. கணக்கு எனக்குத்தான் வரும்னு நான் போட்டேன். பதினொண்ணு புள்ளி ஒண்ணு.

தப்பாப் போட்டுட்டேன்னு நினைச்சு மறுபடி போட்டேன். அதே பதினொண்ணு. கடையில விக்கிற ஸ்ட்ராங் பீர் கூட எட்டைத் தாண்டாது. எங்க ஆச்சி, வாழ்நாள்ல ஒரு தடவை கூட குடியை ஆதரிச்சுப் பேசாத ஆச்சி, மகன் குடியை நிறுத்தணும்னு நாற்பது நாள் உபவாசம் இருந்த ஆச்சி, வருஷா வருஷம் தன் கையால பீரை விட வீரியமானதை ஊத்திக் குடுத்துட்டு இருந்திருக்காங்க. மகனுக்கும் சேர்த்து.

அப்பத்தான் இன்னொண்ணு ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் அன்னைக்கு எல்லாரும் போன பிறகு கிளாஸ் எல்லாம் பொறுக்கிக் கழுவுறது என் வேலை. மூணு வருஷமா ஒரு கிளாஸ் மட்டும் ஹால் ஜன்னல் திட்டுல, திரைக்குப் பின்னால, ததும்ப நிறைஞ்சு இருக்கும். முதல் வருஷம் யாரோ மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். ரெண்டாவது வருஷமும் அப்படியே. போன வருஷம் அதை நானே குடிச்சேன். அந்த ஜன்னல் பக்கத்து நாற்காலியில உட்கார்றது மாமா.

எங்க யாருக்கும் தெரியாதது அவருக்கு முதல் வாசனையிலேயே தெரிஞ்சிருக்கு. அம்மாகிட்ட வேண்டாம்னு சொன்னா ஆச்சிக்குக் காரணம் சொல்லணும். ஆச்சிகிட்ட சொன்னா அவங்க உடைஞ்சு போவாங்க. அதனால கேக்கைத் தின்னுட்டு, கிளாஸைப் பிடிச்சுக்கிட்டு, எல்லாரும் பாட்டுப் பாடும்போது திரைக்குப் பின்னால வெச்சிருக்கார். கையில பிடிச்சிருந்த அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சேன். என்னால முழுசா யோசிக்க முடியலை.

அன்னைக்கே இன்னும் ரெண்டு கிலோ திராட்சை வாங்கிட்டு வந்தேன். இதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 1869ல அமெரிக்காவில நியூஜெர்சியில தாமஸ் வெல்ச்னு ஒரு பல் டாக்டர். மதுவை வெறுத்த மெதடிஸ்ட் சபைக்காரர். திருவிருந்துக்குப் புளிக்காத ரசம் வேணும்னு யோசிச்சு, லூயி பாஸ்டர் கண்டுபிடிச்ச முறையில திராட்சைச் சாறைப் பாட்டில்ல அடைச்சு வெந்நீர்ல வெச்சுச் சூடாக்கினார். ஈஸ்ட் செத்துரும், சாறு சாறாவே நிக்கும். அத்தனை வருஷத்துக்கு முன்னாடி ஒரு பல் டாக்டருக்கு வந்த யோசனை எனக்கு இப்பத்தான் வருது. பழத்தை நசுக்கி, கொதிக்க விடாம ஆவி பறக்கிற அளவுக்குச் சூடாக்கி, வடிகட்டி, அதே பட்டை, அதே கிராம்பு போட்டு, சுடச்சுடச் சூடான பாட்டில்ல ஊத்தி இறுக மூடினேன். ரெண்டு பாட்டில். வெளியில இருந்து பாத்தா மத்த எட்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது. அடையாளத்துக்கு கழுத்துல நீல நூல் கட்டினேன். மத்ததுக்கு சிவப்பு.

எட்டு பாட்டிலுக்கும் கார்க்கை அடிச்சு இறக்கி, கம்பீரமா அலமாரியில வரிசையா அடுக்கினேன். காஸ்டிங் மாணவன் இல்லையா, உடனே கணக்கு. திராட்சை 320, சீனி 90, ஈஸ்ட் மசாலா 70. மொத்தம் 480, பாட்டிலுக்கு அறுபது ரூபா. மண்டி, சாதாரண நஷ்டம். அடி கழண்ட பாட்டில், அசாதாரண நஷ்டம்.

அசாதாரண நஷ்டம் இன்னும் பாக்கி இருந்தது. அஞ்சாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு டமார்னு சத்தம். திருடன்னு அம்மா கத்தி, அப்பா டார்ச்சோட ஓடி வந்தார். ஒரு கார்க் சீலிங்ல அடிச்சு ஃபேன் மேல உட்கார்ந்திருக்கு. அலமாரி, சுவர், அப்பாவோட எல்.ஐ.சி. ஃபைல், எல்லாம் சிவப்பு. ஈஸ்ட் இன்னும் உயிரோடதான் இருந்திருக்கு. பாட்டிலுக்குள்ளயும் சீனி மிச்சம். உள்ளயே புளிச்சு, கேஸ் போக வழியில்லாம வெடிச்சிருக்கு. கார்க் பறந்ததோட போச்சு, பாட்டிலே வெடிச்சிருந்தா கண்ணாடிச் சில்லு யார் மேல பட்டிருக்குமோ. ஆச்சி படுக்கையிலிருந்தே சொன்னாங்க: "அது மூச்சு விடுத வரைக்கும் மூடாதன்னு சொன்னேன்லா? நீ அந்த போனைப் பாத்து மூடுன." உண்மை. சொன்னாங்க. நான்தான் வீடியோவைக் கேட்டேன். மிச்சம் ஏழையும் கார்க்கைத் தளர்த்தி, காத்து போக விட்டு, ஃப்ரிட்ஜுக்குள்ள தள்ளினேன். குளிர்ல ஈஸ்ட் சோம்பிப் போகும். ரெண்டு வாரம் மாவுப் பாத்திரத்துக்கு இடம் இல்லை. அம்மா பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

இடையில பிசினஸ் லா நோட்ஸ் தேடும்போது ஒண்ணு கண்ணுல பட்டது. 1937ஆம் வருஷத்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம மது தயாரிக்கிறது குற்றம். கேரளாவுல 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னாடி கலால்துறை, வீட்டு வைனும் சட்டவிரோதம்னு எச்சரிக்கையே விட்டிருக்கு. ஆச்சிகிட்ட சொன்னேன். "ரசம் எப்படில சாராயமாவும்?"னாங்க. பதினொண்ணு புள்ளி ஒண்ணுன்னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. (எல்லாம் தீர்ந்து போச்சுன்னு முதல் பாராவுலயே சொல்லிட்டேன் என்பதை மாண்புமிகு நீதிமன்றம் கவனத்தில் கொள்ளவும்.)

கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாமாவோட ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. "மாமா, நீல நூல் கட்டின பாட்டில் காய்ச்சினது. புளிக்காதது"ன்னு மட்டும் சொன்னேன். அவர் டீ கிளாஸைப் பாத்துக்கிட்டே இருந்தார். "எத்தன பாட்டில்?"னு கேட்டார். ரெண்டுன்னேன். "சரி"ன்னார். டீக்கு அவரே காசு குடுத்தார். அதுக்கு மேல அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் பேசினது இல்லை.

விடிகாலை ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வந்தாங்க. ஊத்துற வேலை இந்தத் தடவை எனக்கு. மாமா ஜன்னல் பக்கத்து நாற்காலியிலதான் உட்கார்ந்தார். கிளாஸை வாங்கி முதல்ல மூக்குகிட்ட கொண்டு போனார், என்னைப் பாத்தார், ஒரே மடக்குல குடிச்சார். இன்னொண்ணு கேட்டார். ஆச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியாம்மா, எம்மவன் ரெண்டாவது கிளாஸ் கேக்கான்"னு அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன், அதுல இன்னும் சிவப்புக் கறை இருந்தது.

எல்லாரும் போன பிறகு கிளாஸ் பொறுக்கினேன். திரைக்குப் பின்னால ஒண்ணும் இல்லை. நீல நூல் பாட்டில்ல கடைசியா கொஞ்சம் இருந்தது. அதை ஆச்சி கேட்டாங்க, யோசிக்காம ஊத்திக் குடுத்துட்டேன். ஒரு வாய் குடிச்சிட்டு நாக்கைச் சப்புக் கொட்டினாங்க.

"இது காய்ச்சினதுல்லா?"

நான் பேசலை. ஆச்சி கிளாஸைக் கையிலேயே வெச்சிருந்தாங்க, நடுக்கத்துல ரசம் ஆடிக்கிட்டு இருந்தது. ரொம்ப நேரம் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துட்டு, மிச்சத்தையும் குடிச்சாங்க.

"அடுத்த வருசம் இதுல நாலு பாட்டில் போடு. கிராம்பு ரெண்டு கூடப் போட்டுக்க."